பெயர் ஒரு நோட்டில், ஊர் ஒரு நோட்டில்

ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஜூன் மாதம் பள்ளி திறந்து, வருகைப் பதிவேட்டைப் பிரித்துப் பெயர் வாசித்தால் நாலைந்து பிள்ளைகளிடமிருந்து பதிலே வராது. பிள்ளை வந்திருக்கும். முதல் வரிசையில் உட்கார்ந்து நம் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். பதிவேட்டில் உள்ள பெயர் தன்னுடையது என்று அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து வீட்டில் அப்பு, தம்பு, குட்டிமா என்றே கேட்டுப் பழகிய காது. என் வகுப்பில் ஒரு பையன் எட்டு நாள் எடுத்துக்கொண்டான். ஒன்பதாம் நாள் "உள்ளேன் டீச்சர்" என்று அவன் கத்தியபோது மற்ற பிள்ளைகள் கைதட்டின.

பணி ஓய்வுக்குப் பிறகு படிக்க நேரம் கிடைக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பெல்ஜியத்து யூதர்கள் தங்கள் பிள்ளைகளை எப்படி ஒளித்து வைத்தார்கள் என்று கொஞ்ச காலமாகத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆரம்பித்து வைத்தது ஒரு டீச்சர்.

பிரஸ்ஸல்ஸில் ஒரு பள்ளியில் ஆந்த்ரே கெலன் என்ற இளம் ஆசிரியை. இருபது, இருபத்தொரு வயது. யூதர் அல்லர். 1942 கோடையில் யூதர்கள் எல்லோரும் மேலாடையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும் என்று ஜெர்மானிய ஆக்கிரமிப்பு அரசு உத்தரவு போட்டது. ஒரு நாள் காலையில் அவருடைய மாணவர்களில் சிலர் நட்சத்திரத்தோடு வந்து நின்றார்கள். ஆந்த்ரே ஒரு விதி போட்டார்: இனி வகுப்பில் எல்லோரும், ஒருவர் விடாமல், உடைக்கு மேல் ஏப்ரன் கட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். ஏப்ரனுக்குக் கீழே யாருக்கு நட்சத்திரம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று யாருக்குத் தெரியும்?

படித்ததும் "அடடா, டீச்சர் மூளை" என்று வாய்விட்டே சொன்னேன். எந்தப் பிள்ளையையும் எழுப்பி நிறுத்தாமல் காரியத்தை முடித்துவிட்டார்.

ஆனால் கதை ஆந்த்ரேயோடு முடியவில்லை. சொல்லப்போனால் அவருக்கு முன்பே அது ஆரம்பித்துவிட்டது. ஒரு வருடம் கழித்து அவரைத் தேடிவந்து வேலைக்குச் சேர்த்துக்கொண்டவர் இடா ஸ்டெர்னோ என்ற சமூகப் பணியாளர். இடா யூதர். அவரை அனுப்பியது யூதப் பாதுகாப்புக் குழு. தேடப்படுகிறவர்களே கூடி அமைத்த ரகசிய அமைப்பு அது. ஆந்த்ரே பெயர் இன்று உலகத்துக்குத் தெரியும். 1989இல் இஸ்ரேலின் யாத் வஷெம், அதாவது யூத இனப்படுகொலை நினைவு நிறுவனம், அவரைக் கௌரவித்தது. நியாயம்தான். ஆனால் அந்தக் கௌரவம் யூதரல்லாதவர்களுக்கு மட்டும் உரியது. யூதர்களைக் காப்பாற்றிய யூதர் அந்தப் பட்டியலில் வர முடியாது. அதனால்தான் இடாவின் பெயரைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. எனக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

சரி, முதலிலிருந்து சொல்கிறேன்.

போர் தொடங்கியபோது பெல்ஜியத்தில் யூதர்கள் ஏறக்குறைய 66,000 பேர். அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பெல்ஜியக் குடியுரிமை இல்லாதவர்கள். போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும், பிறகு ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்தும் வந்தவர்கள். தையல், தோல் வேலை, ஆண்ட்வெர்ப்பில் வைரம் தீட்டுவது என்று பிழைப்பு. வீட்டில் இட்டிஷ், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழி. பெரும்பாலும் ஏழைகள். ஆனால் ஊர்விட்டு ஊர் ஓடிவந்த அனுபவம் அவர்களிடம் இருந்தது. போலீசுக்குத் தெரியாமல் கூட்டம் போடவும், துண்டறிக்கை அச்சடிக்கவும், பெயர் மாற்றி வாழவும் தெரிந்த தொழிற்சங்கக்காரர்கள் பலர் அவர்களுக்குள் இருந்தார்கள். அது பிறகு உதவியது.

1940 அக்டோபரில் ஒரு பதிவேட்டிலிருந்து தொடங்கியது. யூதர்கள் எல்லோரும் நகராட்சி அலுவலகம் போய்ப் பெயர் பதிய வேண்டும் என்று உத்தரவு. போய்ப் பதிந்தார்கள். சட்டத்தை மீறிப் பழக்கமில்லாதவர்கள், வெளிநாட்டவர் வேறு, வம்பு வேண்டாமே என்றுதான் நினைத்திருப்பார்கள். அப்புறம் அடையாள அட்டையில் முத்திரை. 1941 நவம்பரில் பெல்ஜிய யூதர் சங்கம் என்று ஜெர்மானியர்களே ஒன்றை உருவாக்கி, சமூகத்துப் பெரிய மனிதர்களை அதில் உட்கார வைத்தார்கள். பள்ளி, அனாதை இல்லம், உதவி எல்லாம் இனி அதன் வழியாகத்தான். 1942 ஜூலையில் அதே சங்கத்தின் ஆட்கள் வீடு வீடாகப் போய், 'வேலைக்கு ஆஜராகவும்' என்ற உத்தரவுத் தாள்களைக் கொடுத்தார்கள். பிரஸ்ஸல்ஸுக்கும் ஆண்ட்வெர்ப்புக்கும் நடுவே மெக்கலன் என்ற ஊரில் டோசன் படைமுகாம். அங்கே ஆஜராக வேண்டும். ஆஜரானவர்களோடு 1942 ஆகஸ்ட் 4ஆம் தேதி முதல் ரயில், போலந்தில் இருந்த நாஜி முகாமான ஆஷ்விட்சுக்குக் கிளம்பியது.

சங்கத்தில் இருந்தவர்களைத் திட்டுவது சுலபம். நம் கையில் அந்தத் தாள்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசித்துப் பார்த்தேன், பதில் வரவில்லை. ஆனால் அன்றைக்கே திட்டியவர்கள் இருந்தார்கள். திட்டுவதோடு நிற்கவும் இல்லை. ஜூலை 25ஆம் தேதி யூதக் கெரில்லாக்கள் பிரஸ்ஸல்ஸ் சங்க அலுவலகத்துக்குள் நுழைந்து முகவரி அட்டைகளுக்குத் தீ வைத்தார்கள். வேறோரிடத்தில் நகல் இருந்தது. ஆகஸ்ட் கடைசியில், உத்தரவுத் தாள்களுக்குப் பொறுப்பாக இருந்த சங்க அதிகாரியை நடுத்தெருவில் சுட்டுக் கொன்றார்கள்.

1942 செப்டம்பரில்தான், நான் முன்பு சொன்ன யூதப் பாதுகாப்புக் குழு பிறந்தது. முன்னணியில் நின்றவர் எர்ட்ஸ் ஜோஸ்பா. பெசராபியாவிலிருந்து வந்த பொறியாளர், கம்யூனிஸ்ட். அவரோடு ஒரு இடதுசாரி சியோனிஸ்ட் (யூதர்களுக்குப் பாலஸ்தீனத்தில் தாயகம் வேண்டும் என்றவர்), ஒரு தொழிலதிபர், ஒரு கத்தோலிக்கப் பத்திரிகையாளர், பிறகு தத்துவத்திலும் வாதக்கலையிலும் உலகப் பெயர் வாங்கப்போகிற பேராசிரியர் ஷயிம் பெரெல்மன். சாதாரண நாளாக இருந்தால் இவர்களில் பாதிப் பேர் மீதிப் பாதியோடு ஒரு டீக்கடை பெஞ்சில்கூட உட்கார்ந்திருக்க மாட்டார்கள். வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். பொய்யான அடையாள அட்டை, ரேஷன் அட்டை ஒரு பக்கம். ரகசியப் பத்திரிகைகள் ஒரு பக்கம். பணம் திரட்டுவது ஒரு பக்கம். கொஞ்சம் உள்ளூரில், கொஞ்சம் சுவிட்சர்லாந்து வழியாகக் கடத்திவந்த அமெரிக்க யூத நிவாரணப் பணம். பிள்ளைகளுக்கென்று தனிப் பிரிவு. அதை நடத்தியவர்கள் ஜோஸ்பாவின் மனைவி இவோன், மொரீஸ் ஹெய்பர், அவர் மனைவி எஸ்தர். இந்த மொரீஸ் பகலில் யூதர் சங்கத்தின் அலுவலகத்தில் அனாதை இல்லங்களுக்குப் பொறுப்பாளர். ஜெர்மானியர் கண்முன்னால் உட்கார்ந்துகொண்டே மறைவில் பிள்ளைகளை வேறு இடங்களுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

இப்போது நோட்டுகளுக்கு வருகிறேன்.

ஒரு பிள்ளையை ஒளித்து வைப்பதற்கு இடம் கிடைத்தால் போதாது. இடத்துக்கு மாதாமாதம் பணம் போக வேண்டும், ரேஷன் கூப்பன் போக வேண்டும், காலுக்குச் சேராத ஷூவை மாற்ற வேண்டும், அக்கம்பக்கத்தில் பேச்சு கிளம்பினால் இரவோடு இரவாக வேறு வீட்டுக்கு மாற்ற வேண்டும். நூறு பிள்ளைகளைத் தாண்டினால் ஞாபகத்தில் வைக்க முடியாது. எழுதித்தான் ஆக வேண்டும். எழுதினால் அது ஒரு பட்டியல். பட்டியல் அகப்பட்டால் ஒரே நாளில் எல்லாப் பிள்ளைகளும் போய்விடுவார்கள். 1940இல் நகராட்சியில் பெயர் கொடுத்தவர்களுக்கு நேர்ந்தது அதுதானே.

அதனால் பட்டியலைத் துண்டு துண்டாக்கினார்கள். சாதாரணப் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகங்கள். ஒன்றில் பிள்ளையின் நிஜப் பெயரும் ஒரு எண்ணும். இன்னொன்றில் அந்த எண்ணும் புதுப் பெயரும். ஒளிந்திருக்கும் வீடு, கன்னிமாடம், விடுதி ஆகியவற்றின் முகவரி தனியாக, அவற்றுக்கும் சங்கேதம். பெற்றோரின் பழைய முகவரி தனியாக. ஒவ்வொரு நோட்டும் ஒவ்வோர் இடத்தில். ஒன்று மட்டும் அகப்பட்டால் அதில் உள்ள பெயர்களை வைத்துக்கொண்டு எங்கேயும் போக முடியாது. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஒரு பிள்ளை உருவம் பெறும்.

நான் வேலை பார்த்த கடைசி வருடங்களில் கணினியில் ஏற்றச் சொன்ன படிவம் ஞாபகம் வந்தது. பிள்ளையின் பெயர், அப்பா அம்மா பெயர், சாதி, மதம், வீட்டு விலாசம், ஆதார் எண், எல்லாம் ஒரே பக்கத்தில். ஒரு கட்டம் காலியாக இருந்தால் படிவம் மேலே நகராது. அன்றைக்கு அது பெரிய வசதியாகத் தெரிந்தது. இப்போது அந்தப் பக்கத்தை நினைத்தால் வேறு மாதிரி இருக்கிறது.

இடாவும் ஆந்த்ரேயும் இன்னும் சில பெண்களும்தான் பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள். இருவரும் ஒரே வீட்டில் பொய்ப் பெயர்களில் தங்கியிருந்தார்கள். தெருவில் பிள்ளையின் கையைப் பிடித்து நடந்து, டிராம் ஏறி, ரயில் ஏறிப் போவதற்கு யூதராகத் தெரியாத முகம் வேண்டும். ஆந்த்ரேக்குப் பொன்னிற முடி, நீலக் கண். பிரஸ்ஸல்ஸில் 'தடியன் ஜாக்' என்று ஒருவன் ஜெர்மானியரின் காரில் உட்கார்ந்து தெருத்தெருவாகப் போய், இவர் யூதர், அவர் யூதர் என்று கைகாட்டிக்கொண்டிருந்த காலம். அவனும் யூதன். இதையும் சொல்லாமல் விட முடியாது.

வீட்டுக்கு வந்து கதவைத் தட்டி அம்மாவிடம் சொல்ல வேண்டும்: பையைக் கட்டுங்கள், பிள்ளையைக் கூட்டிப்போகிறேன். எங்கே என்று அம்மா கேட்பாள். அதைச் சொல்லக் கூடாது. அம்மாவுக்குத் தெரிந்தால் ஒரு நாள் மனசு கேட்காமல் பார்க்கப் போய்விடுவாள். அல்லது பிடிபட்டு அடிபடும்போது வாய் திறந்துவிடும். ஆகவே எங்கே, யாரிடம், எவ்வளவு நாள் என்று எதுவும் சொல்லாமல், முன்பின் தெரியாத ஒரு பெண் பிள்ளையை வாங்கிக்கொண்டு தெருமுனை திரும்பிவிடுவாள். இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகளை அப்படி வாங்கிவந்ததை நினைத்தால் இன்னமும் அழுகை வருகிறது என்று ஆந்த்ரே வயதான பிறகு சொல்லியிருக்கிறார்.

போகிற வழியிலேயே பாடம் ஆரம்பம். இனி உன் பெயர் இது. பழைய பெயரை யார் கேட்டாலும் சொல்லாதே. இட்டிஷ் பேசாதே. சின்னவர்களுக்கு இது விளையாட்டா, தண்டனையா என்றே புரிந்திருக்காது. என் வகுப்புப் பையன் தன் சொந்தப் பெயரைப் பழகவே எட்டு நாள் ஆயிற்று, அதுவும் அம்மா தினமும் மாலையில் கூட்டிப்போக வருகிற பள்ளியில்.

பெற்றோர் கொடுத்தார்களா? முதலில் தயங்கினார்கள். குடும்பம் சேர்ந்தே இருப்போம், வேலைதானே செய்யப்போகிறோம் என்று நினைத்தவர்கள் பலர். ரயிலில் போனவர்கள் எங்கே போனார்கள் என்று நிச்சயமாகத் தெரியாமல் இந்தத் தயக்கம் தீராது. 1943 தொடக்கத்தில் விக்தோர் மார்த்தென் என்ற பெல்ஜியச் சமூகவியலாளரை, ஜெர்மனியில் ஆராய்ச்சிக்குப் போகிறார் என்ற சாக்கில் குழு அனுப்பியது. கத்தோலிக்கர். அவர் ஆஷ்விட்ஸ் இருந்த 'மேல் சிலேசியா' என்ற பகுதி வரை போய், ஆஷ்விட்சுக்குப் பக்கத்து ஊர்களில் யூதர்களோடும் அங்கே வேலைபார்த்த தொழிலாளர்களோடும் பேசி, என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டார். வழியில் பிடிபட்டார், தப்பித்தார், மே மாதம் பிரஸ்ஸல்ஸ் வந்து சேர்ந்தார். அவர் கொண்டுவந்த சேதி: உழைக்க முடியாதவர்களைக் கொன்று எரிக்கிறார்கள்.

அதே மே மாதம், இருபதாம் தேதி, பிரஸ்ஸல்ஸின் ஆண்டர்லெக்ட் பகுதியில் ஒரு கன்னிமாடத்துக்கு ஜெர்மானிய ரகசிய போலீசான கெஸ்டாப்போ வந்தது. அங்கே 15 யூதப் பிள்ளைகள். யாரோ காட்டிக்கொடுத்திருந்தார்கள். மூட்டை கட்டி வைக்க வேண்டும் என்று கன்னியர் மன்றாடி ஒரு ராத்திரி அவகாசம் வாங்கினார்கள். விஷயம் யூத இளைஞர்கள் சிலருக்கு எட்டியது. பால் ஹால்டர் என்ற கெரில்லாவும் கூட்டாளிகளும் இருட்டியதும் மடத்துக்குள் புகுந்தார்கள். கன்னியரைக் கட்டிப்போட்டார்கள், தொலைபேசிக் கம்பியை அறுத்தார்கள். மறுநாள் ஜெர்மானியர் வந்து பார்க்கும்போது கன்னியர் மேல் பழி வரக் கூடாதல்லவா? பதினைந்து பேரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கட்டிப்போட்டவர்களும் கட்டுப்பட்டவர்களும் ஒரே கட்சி.

ரயிலைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை தெரிந்தவர்கள் கோபிப்பார்கள். 1943 ஏப்ரல் 19. மெக்கலனிலிருந்து ஆஷ்விட்சுக்குக் கிளம்பிய இருபதாவது ரயில், 1,631 பேர். யூரா லிவ்ஷிட்ஸ் என்ற யூத இளம் மருத்துவரும் பள்ளித் தோழர்கள் இருவரும், ஒரு கைத்துப்பாக்கியும் சிவப்புத் தாள் சுற்றிய ஒரு லாந்தர் விளக்கும் வைத்துக்கொண்டு அதை நிறுத்தினார்கள். ஆயுதம் வைத்திருந்த கெரில்லாக்கள், இது நடக்கிற காரியமில்லை என்று ஏற்கெனவே ஒதுங்கியிருந்தார்கள். ஒரு பெட்டியைத் திறந்து 17 பேரை இறக்கி, கையில் ஆளுக்கு ஐம்பது ஃபிராங்க் நோட்டைத் திணித்து அனுப்பினார்கள். அந்தப் பணம் குழுவின் பணம். படமாக எடுக்கத் தோதான காட்சி, அதனால் இதுதான் அதிகம் பேசப்படுகிறது. ஆனால் அன்றிரவு அந்த ரயிலிலிருந்து குதித்தவர்கள் 230 பேருக்கு மேல். மற்றவர்கள் உள்ளேயிருந்தே கதவை நெம்பி, கம்பியை அறுத்துக் குதித்தார்கள். அறுக்கும் கருவிகளை மெக்கலன் முகாமிலேயே கமுக்கமாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். சிலர் சுடப்பட்டு இறந்தார்கள், பலர் திரும்பவும் பிடிபட்டார்கள்.

குதித்தவர்களில் பதினோரு வயது சிமோன் குரோனோவ்ஸ்கி ஒருவன். அம்மா அவன் தோளைப் பிடித்துப் படியில் இறக்கிவிட்டார். அவன் குதித்தான். அம்மாவால் குதிக்க முடியவில்லை. அவன் இரவெல்லாம் நடந்து ஒரு கிராமத்தை அடைந்தான். அங்கிருந்த போலீஸ்காரர் யான் ஆர்ட்ஸ் அவனைக் காட்டிக்கொடுக்காமல் பிரஸ்ஸல்ஸுக்கு ரயில் ஏற்றிவிட்டார். யூரா லிவ்ஷிட்ஸை 1944 பிப்ரவரியில் சுட்டுக் கொன்றார்கள்.

ஆந்த்ரே தங்கியிருந்த விடுதிப் பள்ளியிலும் 1943 ஜூனில் சோதனை வந்தது. ராத்திரி. பிள்ளைகளைப் படுக்கையிலிருந்து எழுப்பி ஒவ்வொருவரையும் யாரென்று விசாரித்தார்கள். யூதப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வெட்கமாக இல்லையா என்று ஒரு ஜெர்மானியர் கேட்டதற்கு, யூதப் பிள்ளைகளோடு போர் செய்ய உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்று ஆந்த்ரே திருப்பிக் கேட்டதாகச் சொல்வார்கள். எனக்கு அந்த வசனத்தைவிட அடுத்து நடந்தது முக்கியமாகப் படுகிறது. தலைமை ஆசிரியை ஓதில் ஓவார்ட்டையும் அவர் கணவரையும் கைதுசெய்தார்கள். இருவரும் ஜெர்மன் முகாம்களில் இறந்தார்கள். ஆந்த்ரே வெளியே வந்து, அன்று பள்ளியில் இல்லாத யூத மாணவர்களின் வீடுகளுக்குப் போய், பள்ளிக்கு வந்துவிடாதீர்கள் என்று சொல்லி முடித்தார். பிறகு முழுநேரமும் குழுவின் வேலைதான்.

இடாவை 1944 மே மாதம் பிடித்தார்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் இருப்பிடங்களுக்கு வழிகாட்டக்கூடிய தலை அது. விசாரித்தார்கள். அவர் சொல்லவில்லை. டோசன் முகாமில் அடைத்தார்கள். ஜூலை 31ஆம் தேதி அங்கிருந்து கடைசி ரயில் போனது. இடா அதில் இல்லை. செப்டம்பர் தொடக்கத்தில் நேசநாட்டுப் படைகள் நெருங்கியதும் காவலர்கள் ஓடிவிட்டார்கள். உள்ளே மிச்சமிருந்த ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களில் ஒருவராக இடா வெளியே நடந்து வந்தார்.

மெக்கலன் வழியாகக் கொண்டுபோகப்பட்ட யூதர்கள் 25,000 பேருக்கு மேல். திரும்பியவர்கள் 1,200 பேர் அளவில்தான்.

அந்த 1944 செப்டம்பரில்தான் நோட்டுகளை ஒன்றாக வைத்தார்கள். எண்ணைப் பார்த்து நிஜப் பெயர், எண்ணைப் பார்த்து புதுப் பெயர், சங்கேதத்தைப் பார்த்து முகவரி. பெண்கள் மறுபடியும் டிராம் ஏறினார்கள், ரயில் ஏறினார்கள், இந்தத் தடவை பிள்ளைகளைத் திருப்பிக் கொண்டுவர. சில பிள்ளைகளுக்கு அம்மா பேசும் இட்டிஷ் மறந்துபோயிருந்தது. சிலருக்கு அம்மாவே மறந்துபோயிருந்தாள். யாரும் தேடி வராத பிள்ளைகள் நிறைய. அவர்களை எந்த விடுதியில் வைப்பது, எப்படி வளர்ப்பது என்பதில் கம்யூனிஸ்டுகளும் சியோனிஸ்டுகளும் பழையபடி சண்டை போட்டுக்கொண்டார்கள். போர் முடிகிற அறிகுறி அதுதான் போலிருக்கிறது.

ஏதோ ஒரு பண்ணை வீட்டில், இரண்டு வருடமாக ஒரு பிள்ளையைத் தன் பிள்ளையென்று ஊரை நம்பவைத்து, தானும் பாதி நம்பிவிட்ட ஒரு பெண் இருந்திருப்பாள். கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால், மாதாமாதம் ரேஷன் கூப்பனோடு வந்துபோன அதே பெண் நிற்பாள். பையைக் கட்டுங்கள், பிள்ளையைக் கூட்டிப்போகிறேன் என்பாள். எங்கே என்று இவளும் கேட்பாள். இந்த முறை சொல்லலாம்.